காமன் பொட்டலில் ஒரு புதிய வேடம்

"ரதிக்கு ஒரு அண்ணன் இருந்தா என்னா, மாஸ்டர்?"

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாசி மாதத்துக் குளிர் இரவு. காமன் பொட்டலில் நெருப்பு மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள். கேட்டவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் இருபது வயது இளைஞன். காமன் ஊன்றிவிட்டார்கள் என்று செய்தி கிடைத்ததும் லீவு சொல்லிவிட்டு லயத்துக்கு வந்துவிட்டவன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு திருப்பிக் கேட்டார்: "அண்ணன் இருந்தான்னா, கலியாணத்தன்னைக்கு அவன் எங்கடா போயிருந்தான்?"

ஒரு பழைய கூத்துக்குள் புதிய வேடம் ஒன்று எப்படி நுழைகிறது, அதன் முன்கதையை யார் தீர்மானிக்கிறார்கள், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ளத்தான் நான் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வடக்கு, கிழக்கில் வாழும் வாசகர்கள் பலருக்குக் காமன் கூத்து பெயரளவில் மட்டுமே தெரியும். ஆகவே முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

காமன் கூத்து என்பது என்ன?

மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் கூத்துகளில் மூன்று முக்கியமானவை: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மூன்றும் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்காலத்திலும் தேயிலைக்காலத்திலும் வந்த மக்களோடு கடல் கடந்தவை. இவற்றில் அதிக நாட்கள் நீடிப்பதும், தோட்டம் முழுவதும் பங்குகொள்வதும் காமன் கூத்துதான்.

மாசி மாத அமாவாசைக்குப் பிறகு மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றுவார்கள். ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் எல்லாம் சேர்த்துக் கட்டிய கம்பம் ஒன்றைப் பொட்டலில் நடுவதுதான் அது. அன்றிலிருந்து பௌர்ணமிவரை இரவுகளில் தப்பு ஒலிக்கும். ரதி, மன்மதன் திருமணம் நடக்கும். வேடம் கட்டியவர்கள் லயம் லயமாகப் போவார்கள். காம்பராக்களின் இஸ்தோப்பில் பெண்கள் மஞ்சள் நீரும் ஆலத்தியுமாகக் காத்திருப்பார்கள். கடைசி இரவு மன்மதன் எரிக்கப்படுவான். ரதி ஒப்பாரி வைப்பாள். பிறகு அவன் உயிர்ப்பிக்கப்படுவான்.

கதை யாழ்ப்பாணத்துப் புராண படனத்தில் கேட்டிருக்கக்கூடிய அதே கதைதான். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் அது காமதகனப் படலம். சிவன் யோகத்தில் ஆழ்ந்திருக்கிறார். அசுரர்களின் கொடுமை தாங்காத தேவர்களுக்கு அவரிடமிருந்து ஒரு புதல்வன் வேண்டும். யோகத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். மலர் அம்பு படுகிறது, நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். ரதியின் அழுகைக்கு இரங்கிய சிவன் அவனை எழுப்புகிறார். ஆனால் அவன் ரதியின் கண்களுக்கு மட்டுமே தெரிவான். மற்ற எவருக்கும் அவன் உருவமற்றவன்.

ரதி வேடத்தை ஆண்களே கட்டி வந்திருக்கிறார்கள். பகலில் கவ்வாத்து வெட்டியவரோ, மருந்து அடித்தவரோ, மாலையில் பேர் போட்டு முடித்தபின் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்வார். பலர் நேர்த்தி வைத்து வேடம் கட்டுகிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள், நோய் தீர வேண்டியவர்கள் கம்பத்தைச் சுற்றி வேண்டிக்கொள்கிறார்கள். பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. ரதி தங்கள் லயத்துக்கு வரும்போது அவளை மருமகளாக வரவேற்கும் பாட்டி, எரிப்பு இரவில் அவளோடு சேர்ந்து அழுவாள். அந்த நாட்கள் முழுவதும் தோட்டத்தில் உள்ள எல்லோரும் அந்தக் கதைக்குள் குடியிருக்கிறார்கள்.

அதனால்தான் அந்தக் கதையை ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடிவதில்லை.

வேடங்கள் வரும் வழி

ரதி, மன்மதன், சிவன் ஆகிய மூவரை மட்டும் வைத்து அத்தனை இரவுகளை நிரப்ப முடியாது. வீரபத்திரன் வருவான், எமன் வருவான், தூதன் வருவான், குறவனும் குறத்தியும் வருவார்கள், கோமாளி எப்போதும் இருப்பான். வேடங்களின் எண்ணிக்கை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. முன்பு தோட்டத் தொழிலாளி, இப்போது ஓய்வு. பாட்டுகள் எழுதிய தடித்த கொப்பி ஒன்று எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கும்.

"வேசம் போடுறவன் தானா வர முடியாது புள்ள. கதை அவனைக் கூப்பிடணும்" என்றார்.

அவர் சொன்னவற்றிலிருந்தும், பல இரவுகள் பார்த்ததிலிருந்தும் மூன்று வழிகளை நான் பிரித்தறிந்தேன்.

முதலாவது, காரணத்தின் வழி. வீரபத்திரனுக்கும் மன்மதனுக்கும் நேரடியாக எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் சிவன் ஏன் யோகத்தில் உட்கார்ந்தார் என்று கேட்டால் கதை பின்னோக்கிப் போகிறது. தக்கன் சிவனை அழைக்காமல் யாகம் செய்தான். அவமானம் தாங்காமல் தாட்சாயணி உயிர் விட்டாள். அந்தக் கோபத்தில் பிறந்தவன் வீரபத்திரன். மனைவியை இழந்தபின்தான் சிவன் தனிமையில் ஆழ்ந்தார். அதாவது, இன்றைக்குப் பொட்டலில் நடக்கும் துயரத்துக்கு முன்னால் இன்னொரு துயரம் இருக்கிறது. அந்த முதல் துயரத்தின் சாட்சியாகத்தான் வீரபத்திரன் ஆடிக்கொண்டு வருகிறான்.

கந்தபுராணத்தின் அமைப்பும் இதையே காட்டுகிறது. அதன் ஆறு காண்டங்களில் தக்ஷ காண்டம் கடைசியில் நிற்கிறது. நடந்த வரிசைப்படி பார்த்தால் அது ஆரம்பத்தில் வர வேண்டியது. போர் முடிந்து, சூரன் அழிந்து, எல்லாம் ஓய்ந்தபிறகு இந்திரனின் மகன் சயந்தன் தன் குருவிடம் கேட்கிறான்: நாங்கள் ஏன் இத்தனை துன்பப்பட்டோம்? அதற்குப் பதிலாகத்தான் தக்கன் கதை சொல்லப்படுகிறது. யாராவது "ஏன்" என்று கேட்கும்போதுதான் முன்கதைக்கு இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, தொழிலின் வழி. ரதி கெட்ட கனவு கண்டு கலங்குகிறாள், கணவனைப் போக விடாமல் மறிக்கிறாள். கனவு கண்டு பயந்த ஒருத்தி இருக்கும் கதையில் குறி சொல்லும் குறத்திக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஓர் உயிர் போகும் கதையில் எமனுக்கும் அப்படித்தான். அவர்களுடைய தாய், தகப்பன் யார் என்று எவரும் கேட்பதில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்ய வருகிறார்கள்.

மூன்றாவது, கோமாளியின் வழி. அவன் தேவலோகத்திலும் நிற்பான், பிரட்டுக்களத்திலும் நிற்பான். சிவனைப் பார்த்து வணங்கிவிட்டு அடுத்த நிமிடம் கொழுந்துத் தராசைப் பற்றிப் பேசுவான். கங்காணியையும் துரையையும் கிண்டல் செய்யலாம். தேவர் கதைக்குள் தோட்டத்தின் நிகழ்காலம் நுழைவது அவன் வாய் வழியாகத்தான். ஆனால் அவனுக்கும் ஓர் எல்லை உண்டு. அவன் எதைப் பேசினாலும், மன்மதன் எரியாமல் தப்பிவிட முடியாது.

தமிழ்நாட்டிலும் காமன் பண்டிகையில் இந்த எல்லைக்குள் நின்றே பெரிய வாதம் நடத்துவார்கள். மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவது அங்கே வழக்கம். வாதம் எவ்வளவு சூடானாலும், பேசப்படும் நிகழ்வு இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

இன்னொரு உலகத்தின் மாஸ்டர்கள்

ஊடகக் கல்வி படித்த காலத்தில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கியது. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி, முடிவெடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை நடத்துவார்கள். உலகத்தை வைத்திருப்பவரை அங்கேயும் 'மாஸ்டர்' என்றுதான் அழைக்கிறார்கள்.

புதிதாகச் சேருபவர் தன் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை எழுதிக்கொண்டு வருவார். அங்கும் சிக்கல் ஒன்றுதான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மிக நீண்ட கதையோடு வருவார்கள்: தொலைந்துபோன இளவரசன், ஊரையே அழித்தவன், எவராலும் வெல்ல முடியாதவன். அந்தக் கதையில் மற்றவர்களுக்கு இடமே இருக்காது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள் பல மாதமாகக் கட்டிய உலகத்தை அது ஒரே நாளில் கலைத்துவிடும். அனுபவமுள்ள மாஸ்டர்கள் கேட்பது வேறு: இந்த உலகத்தில் ஏற்கெனவே நடந்த எந்த நிகழ்வு உன் பாத்திரத்தைத் தொட்டது? இங்கே இருப்பவர்களில் யாரை உனக்குத் தெரியும்? இங்கு வர உனக்கு என்ன தேவை இருக்கிறது?

இதை நான் டிக்கோயா மாஸ்டரிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் வியக்கவில்லை. "வெள்ளைக்காரனும் அதைத்தான் கேப்பான். வேற என்னாத்தக் கேக்கிறது?" என்றார்.

அண்ணனுக்கு நடந்த விசாரணை

மீண்டும் அந்த இளைஞனிடம் வருகிறேன். அவன் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை என்பது அடுத்த இரவுதான் எனக்குத் தெரிந்தது. அவனுடைய தாத்தாவின் தம்பி 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனவர். ஆரம்பத்தில் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வீட்டில் அவருடைய படம்கூடக் கிடையாது.

"தோட்டத்துல பாதி வீட்டுல இப்பிடி ஒருத்தர் போயிருக்காங்க அக்கா. ஆனா நம்ம கூத்துல போனவங்க யாரும் வர்றதில்ல. ரதிக்கு ஒரு அண்ணன் வன்னியில இருந்து வந்தா அவங்கள்ல ஒருத்தரு வந்த மாதிரி இருக்கும்" என்றான்.

மாஸ்டர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி ஏற்கெனவே கேட்டதுதான். கலியாணத்தன்று அண்ணன் எங்கே? ரதி கலியாணத்தில் முறைசெய்ய அண்ணன் இல்லை என்பதை எல்லாத் தோட்டமும் பார்த்திருக்கிறது. இனிமேல் ஓர் அண்ணனைக் கொண்டுவந்தால், இதுவரை ஆடிய கலியாணம் எல்லாம் பொய்யாகிவிடும்.

இரண்டாவது கேள்வி கடுமையானது. "அண்ணன் வீடு இருக்கிறவ இப்பிடியா அழுவா? ரதிக்கு அவனை விட்டா வேற நாதி இல்ல. அதனாலதான் சிவனே எறங்கி வர்றாரு. நீ அண்ணனைக் கொண்டாந்து நிறுத்துனா, சிவன் 'ஒங்க அண்ணன்கூடப் போம்மா'ன்னு சொல்லிட்டு மறுபடி கண்ணை மூடிக்குவாரு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இளைஞனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. புதிய பாத்திரம் ஒன்று உள்ளே வரும்போது, ஏற்கெனவே உள்ள பாத்திரத்தின் பாரத்தைக் குறைத்துவிடக் கூடாது.

மூன்றாவது கேள்வி: "அடுத்த வருசம் ஒனக்கு லீவு கெடைக்கலன்னா இந்த வேசத்தை யாரு கட்டுறது? ஒங்க தாத்தா தம்பி கதையா இருந்தா நீ மட்டும்தான் கட்டலாம். கூத்து எல்லாருக்கும் பொது."

அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தப்புக்காரர் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். வழி சொன்னவர் அவர்தான்: "அவரு ஏன் சொந்தக்காரரா வரணும்? எரிச்சதுக்கப்பறம் துக்கம் கேக்க வரட்டுமே. சாவு வீட்டுக்கு யாரு வேணும்னாலும் வரலாம்ல."

மாஸ்டர் தலையாட்டினார். தாமதமாக வருபவர், ஆகவே கலியாணத்தில் இல்லாதது பிரச்சினையில்லை. ரதியைக் காப்பாற்ற வருபவர் இல்லை, ஆகவே அவளுடைய அழுகை குறையாது. பெயர் இல்லாதவர், ஆகவே எந்த வீட்டாரும் கட்டலாம். ஒரு வசனம் போதும் என்றார்: சேதி தாமதமாகத்தான் கிடைத்தது, பாதையை மறித்திருந்தார்கள்.

பாதை மறிக்கப்படுவது என்றால் என்ன என்று இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அரசு கேட்ட முன்கதை

நீ யார், எந்த ஊர், உன் தகப்பன் யார்? இதே கேள்விகளை மலையக மக்களிடம் அரசும் கேட்டிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைப் பத்திரத்தால் நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களிடம் அப்படியான பத்திரம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றார்கள். பத்து வருடம் கழித்து 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்களில் ஒன்று 2003இல்தான் வந்தது.

காமன் பொட்டலில் அமர்ந்து மாஸ்டரின் மூன்று கேள்விகளைக் கேட்டபோது இந்தச் சட்டங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. சட்டம் கேட்டது பின்னோக்கிய கேள்வியை மட்டும்: உன் பூட்டன் எங்கே பிறந்தான்? காட்டை வெட்டியது யார், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலையை மலை மலையாகப் பரப்பியது யாருடைய கை, இந்த நாட்டின் கதையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அது கேட்கவே இல்லை. ஒரு கூத்து மாஸ்டர் அந்தக் கேள்வியை மறந்திருக்க மாட்டார்.

எங்களிடம் கேட்கப்பட்டது

இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. என் அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பின் ஒன்பது வயதில் தன் தாய், தகப்பனோடு வன்னிக்கு வந்தார். அந்தக் காலத்தில் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோர் தொடங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்த உழைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

நான் வன்னியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் பிறந்த கிராமத்தின் பெயரைச் சொல்வேன். "அது சரி, சொந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பின் என்ன சொல் வரும் என்பது எனக்குத் தெரியும். 'தோட்டக்காட்டான்' என்ற அந்தச் சொல்லை நம்மவர்கள்தான் பாவித்தார்கள். அதே வருடங்களில் எங்கள் வீட்டின் மேலும் அவர்கள் வீட்டின் மேலும் ஒரே ஷெல்தான் விழுந்தது. இடம்பெயர்ந்த பாதையும் ஒன்று, 2009இல் போய்ச் சேர்ந்த முகாமும் ஒன்று. ஆனாலும் போரின் கதையைச் சொல்லும்போது, மலையகத்திலிருந்து வந்து எல்லைக் கிராமங்களில் குடியிருந்தவர்கள் பல சமயங்களில் பெயர் இல்லாமலே போய்விடுகிறார்கள். அவர்களுடைய முன்கதை வேறு என்பதற்காக, நடந்த கதையிலிருந்தே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இதை மனக்குறையாக எழுதவில்லை. அண்மைக்காலத்தில் நிறைய மாறியிருக்கிறது. 2023இல் மலையக மக்களின் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. மூதாதையர் கடல் கடந்து இறங்கிக் காட்டு வழியே நடந்துவந்த அதே திசையில் பேரர்கள் நடந்தார்கள். ஒருவகையில் அதுவும் ஒரு கூத்துதான். எவரும் பார்த்திராத பூட்டனின் வேடத்தை எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள்.

எரிப்பு இரவு

பௌர்ணமி இரவு பொட்டலில் நிற்க இடமில்லை. பரணில் சிவன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விடியும் நேரம் நெருங்கும்போது மன்மதன் எரிந்தான். ரதி கட்டியிருந்தவர் கம்பத்தடியில் விழுந்து அழுதார். பெண்கள் அழுதார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய நாட்களில் நான் அங்கே செய்தி சேகரித்திருக்கிறேன். அங்கே கேட்ட வார்த்தைகளில் சில ரதியின் வாயிலும் வந்தன. எனக்கு ஒருத்தர் சொல்லுங்கள், அவர் எங்கே? அவர் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ இருக்கிறார் என்ற பதில் ரதிக்கு வரமாகக் கிடைக்கிறது. தாய்மாருக்கு அதே பதிலைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அன்று யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

தப்பு சாவு அடிக்கு மாறியபோது கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த இளைஞன் வந்தான். அரிதாரம் கிடையாது. பழைய சாரம், தோளில் ஒரு பை. நேராக ரதியிடம் போகாமல் கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். ரதி தலை தூக்கிக் கேட்க வேண்டிய வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: யாருங்க நீங்க, எந்த ஊரு?

அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் வரவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி குரல் கொடுத்தார்: "நம்ம ஆளுதான் தாயி. பாதை தூரம். உக்காரச் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். ரதி மறுபடி அழத் தொடங்கினாள். கூத்து நடந்தது.

காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் தன் கொப்பியைத் திறந்து வேடங்களின் பட்டியலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: துக்கம் கேட்க வந்தவர். மற்ற வேடங்களுக்கு நேரே கட்டியவரின் பெயர் இருந்தது. இதற்கு நேரே எழுதாமல் விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் யாரு வீட்டுக்காரங்க கட்டுறாங்களோ" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒங்க அப்பா எந்த டிவிசன்னு சொன்னீங்க?"

சொன்னேன். அந்த டிவிசனில் அவருக்குத் தெரிந்த குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஐந்தாவதாக வந்தது என் பாட்டனின் பெயர்.